ஐந்து அடிக் காதல் பாட்டு: ‘என் வாசிப்பு’ எழுதுவது எப்படி?

பெங்களூரில் தமிழ் படிக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு காதல் கவிதையைக் கொடுத்து, ‘படித்ததும் உனக்குத் தோன்றியதை எழுது’ என்று சொன்னால், திரும்பி வரும் தாள்களில் பெரும்பாலும் இரண்டு வகை எழுத்துதான் இருக்கும். பாதிப் பேர் கவிதையின் பொருளை உரைநடையில் திருப்பிச் சொல்லியிருப்பார்கள். மீதிப் பேர் ‘கவிஞர் காதலை மிக அழகாகக் கூறியுள்ளார்’ என்று தொடங்கி, அதையே நான்கு விதமாகச் சொல்லி முடித்திருப்பார்கள். இதில் பிள்ளைகளின் குறை எதுவும் இல்லை. கேட்கப்பட்டது என்ன என்பதை யாரும் அவர்களுக்குப் பிரித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு பாட்டைப் பற்றி மூன்று வகையாக எழுதலாம். பாட்டு என்ன சொல்கிறது என்று எழுதினால் அது பொழிப்புரை. எப்படிச் சொல்கிறது என்று மோனை, எதுகை, அணி, சந்தம் எனப் பிரித்து எழுதினால் அது நயம் பாராட்டல். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குத் திரண்ட கருத்து, மையக்கருத்து என்ற தலைப்புகளெல்லாம் பழக்கமாக இருக்கும். மூன்றாவது வகைக்கு ‘என் வாசிப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். பாட்டின் இந்தச் சொல் என் மேல் பட்டபோது என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுதுவது அது. அந்த ‘ஏன்’ மிக முக்கியம். அதற்கான விடையில் பாதி பாட்டில் இருக்க வேண்டும், பாதி உங்களிடம் இருக்க வேண்டும். பாட்டை மட்டும் பேசினால் பொழிப்புரை ஆகிவிடும், உங்களை மட்டும் பேசினால் நாட்குறிப்பு ஆகிவிடும்.

பழகிப் பார்க்கச் சங்க இலக்கியத் தொகுப்பான குறுந்தொகையின் 40ஆம் பாட்டைவிட நல்ல இடம் இல்லை. ஐந்தே அடி. இளமையும் காதலும்தான் பொருள். அதில் வரும் மண்ணும் மழையும் பெங்களூர்ப் பிள்ளைகளின் காலணியிலேயே ஒட்டியிருக்கின்றன.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டின் உவமையையே பெயராக்கிச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று அழைக்கிறோம்.

முதலில் உரையைத் திறக்காமல் மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒரு தாளில் கையால் எழுதுங்கள். தட்டச்சு செய்வதைவிடக் கையெழுத்து மெதுவானது. ‘ஞாயும்’ என்று எழுதும்போது விரல் தானாகத் தயங்கும். தயங்கிய சொற்களின் கீழே கோடு போட்டுவிட்டு, அவற்றுக்கு மட்டும் பொருள் பாருங்கள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. பெயல் என்றால் மழை. நாம் ‘பெய்யுது’ என்று சொல்லும் அதே வேர். பெயல் + நீர் சேர்ந்தால் பெயனீர். கேளிர் என்றால் உறவினர். புலம் என்றால் நிலம்.

பெங்களூரில் வளரும் பிள்ளைக்குக் கன்னடமும் கூடவே வருவது இங்கே பெரிய உதவி. வயலுக்குக் கன்னடத்தில் ‘ஹொல’. பழைய வடிவம் ‘பொல’. அதுவும் புலமும் ஒரே வேர். நண்பனைக் குறிக்கும் ‘கெளெய’ என்ற கன்னடச் சொல்லும் கேளிரும் உறவு. செம்மண்ணுக்குக் கன்னடத்தில் ‘கெம்மண்ணு’. பள்ளிச் சுற்றுலாவில் கெம்மண்ணுகுண்டி மலைக்குப் போய்வந்தவர்கள் செம்புலத்தைப் பெயரிலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைகூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாட்டு தனக்கு எட்டாத ஒன்று என்ற பயம் பாதி போய்விடும்.

அடுத்து, யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பின்படி பேசுபவன் தலைவன். இருவரும் தற்செயலாகச் சந்தித்துக் கூடிய பின், இவன் நம்மை விட்டுப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டு அவன் சொல்வது இது. இந்தக் குறிப்பு பாட்டின் பகுதி அல்ல, பிற்காலத்தார் சேர்த்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆனால் குறிப்பைப் படிக்கும் முன்னும் படித்த பின்னும் பாட்டு உங்களுக்குள் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். குறிப்பு இல்லாமல் படித்தால் வியப்பு மட்டும் கேட்கும். குறிப்போடு படித்தால் எதிரே ஒரு பெண் பயந்து நிற்பது தெரியும், அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதும் தெரியும். இந்த மாற்றம் ஒன்றைப் பற்றியே ஒரு முழு வாசிப்பு எழுதலாம். நூலில் திணை குறிஞ்சி என்று இருக்கும். மலை எங்கே என்று தேடாதீர்கள். கூடலும் அதைச் சார்ந்தவையும் குறிஞ்சியின் உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கு உரிய காதல் நிலை, என்பதால் அந்தப் பெயர்.

இப்போது பாட்டின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். முதல் மூன்று அடிகளிலும் ஒவ்வொரு சோடி: யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். மூன்றும் கேள்விகள், ஒன்றுக்கும் விடை இல்லை. நான்காம் அடியில் கேள்வி நின்றுவிடுகிறது. அதோடு ‘யான்’, ‘நீ’ இரண்டும் காணாமல் போகின்றன. கடைசி இரண்டு அடிகளில் என், உன், நம் என்ற சொற்களே இல்லை. நெஞ்சங்கள்தான் இருக்கின்றன, அவை ‘தாம்’ கலந்தன. ‘நெஞ்சம் கலந்தது’ என்று ஒருமையில் முடிக்காமல் ‘கலந்தன’ என்று பன்மையில் முடித்திருப்பதையும் பாருங்கள்: கலந்த பிறகும் அவை இரண்டு. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே இந்தப் பாட்டைக் கற்பிக்கலாம். அதனால் பெரியவர்கள் இதை முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம். ‘யான், நீ என்ற சொற்கள் எந்த அடி வரை வருகின்றன?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

நான்காம் அடி மற்றவற்றைவிடக் குட்டையாக இருப்பதும் கண்ணில் படும். இது நேரிசை ஆசிரியப்பா என்ற பா வகை. ஈற்றுக்கு முந்தின அடியில் மூன்று சீர்தான் வர வேண்டும் என்பது அதன் இலக்கணம். எனவே ‘கவிஞர் புதுமை செய்தார்’ என்று எழுதினால் தவறாகும். உவமையைக் கொண்டுபோய் அந்தக் குட்டை அடியில் வைத்தார், அதனால் ‘போல’ என்ற இடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கிறது என்று எழுதினால் சரி.

இனி உவமைக்கு வருவோம். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. பெங்களூரைச் சுற்றி இருப்பது செம்மண். அடுக்குமாடிக்குக் கடைக்கால் தோண்டும் இடத்தில், மெட்ரோ வேலை நடக்கும் சாலையோரத்தில், லால்பாக் பாதையில் எங்கும் பார்க்கலாம். மே மாத மாலை மழைக்குப் பிறகு வெள்ளைக் காலணியோடு நடந்தவர்களுக்கு அந்தக் கறையை விளக்க வேண்டியதில்லை. மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடுதான் சிவப்புக்குக் காரணம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, இரண்டு தேக்கரண்டி செம்மண் போட்டுக் கலக்கி, அசைக்காமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். அதைவிட நுண்ணிய வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியவை. மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதற்குக் காரணம் அவைதாம். உப்பு தண்ணீரில் கரைவதுபோல இந்த மண் கரைவதில்லை. துகள்கள் தண்ணீருக்குள் தொங்கி நிற்கின்றன, நிறம் மட்டும் ஒன்றாகத் தெரிகிறது.

இந்தச் சோதனையைச் செய்த பிள்ளையின் எழுத்து ‘பிரிக்க முடியாதபடி ஒன்றாயின’ என்ற தேய்ந்த வாக்கியத்தில் நிற்காது. ஏனென்றால் ‘பிரிக்க முடியாத’ என்பது பாட்டிலேயே இல்லை. அது பல உரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் சேர்ந்துகொண்டது. பாட்டில் இருப்பது ‘கலந்தன’ மட்டும். ‘கரைந்தன’ என்றுகூட இல்லை. அப்படியானால் தெளிய வைத்தால் பிரியுமா? டம்ளரில் பிரியும். ஆனால் பாட்டில் மழை விழுவது டம்ளரில் அல்ல, நிலத்தில். நிலத்தில் விழுந்த நீரில் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் ஊறும். ஊறிய நீரை எப்படிப் பிரிப்பது? இந்த இரண்டு பக்கங்களில் எதை எடுத்தாலும் எழுதலாம். உரை சொல்லிக்கொடுத்ததற்கும் சொற்கள் சொல்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. உங்கள் வாசிப்பு முளைப்பது அந்த இடைவெளியில்தான்.

எழுதத் தொடங்கும்போது முழுப் பாட்டையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு சொல்லை எடுங்கள். பிடித்த சொல்லாக இருக்க வேண்டும் என்பதில்லை. உறுத்திய சொல் இன்னும் நல்லது. அந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறீர்கள், எதை நினைவூட்டுகிறது என்று பத்து நிமிடம் நிறுத்தாமல், அடிக்காமல், திருத்தாமல் எழுதுங்கள். அதில் பெரும்பகுதி குப்பையாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு வாக்கியங்கள் உண்மையாக இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். பிறகு பாட்டுக்குத் திரும்பி, அந்த வாக்கியங்களைத் தாங்கும் இன்னொரு சொல்லோ அடியோ இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வரைவு 250 சொற்கள் போதும். அதில் பாட்டின் பொருளைச் சொல்ல இரண்டு வாக்கியங்களுக்கு மேல் செலவழிக்காதீர்கள். படிப்பவர் பாட்டைப் படித்தவர்தான். மேற்கோள் இரண்டு இடத்தில் போதும், ஒவ்வொன்றும் நான்கு சொல்லுக்குள்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வழக்கமான தாள் இப்படி இருக்கும்:

‘இக்கவிதை காதலின் ஆழத்தை அழகாகக் கூறுகிறது. செம்மண்ணில் பெய்த மழைநீர் போல இரு உள்ளங்களும் பிரிக்க முடியாதபடி ஒன்றாயின. இக்கவிதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உண்மையான காதல் என்றும் அழியாது.’

இதில் எழுத்துப்பிழை இல்லை, எழுதிய ஆளும் இல்லை. பாட்டின் பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்தக் காதல் கவிதைக்கும் முதல் வாக்கியமும் கடைசி இரண்டும் அப்படியே பொருந்தும். ஒரு வாசிப்பு நல்லதா என்று பார்க்க இதுவே எளிய சோதனை: வேறு பாட்டுக்கும் பொருந்தும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள், மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அதே பாட்டுக்கு இப்படியும் எழுதலாம்:

‘எம்முறைக் கேளிர் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கல்யாணத்துக்கு வேலூர் போனால் பாட்டிகள் கேட்கும் முதல் கேள்வி, “இவ உனக்கு என்ன முறை வேணும்?” என்பதுதான். பதில் தெரிந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். இந்தப் பாட்டில் அந்தக் கேள்வியை ஒரு பையன் தானே கேட்கிறான். முறை இல்லை என்பது அவனுக்குக் குறையாகத் தெரியவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. என் நெருங்கிய தோழி வீட்டில் பேசுவது கன்னடம். அவள் அம்மாவும் என் அம்மாவும் இன்னும் பார்த்துக்கொண்டதே இல்லை. எங்களைப் பற்றியும் யாயும் ஞாயும் யாராகியரோ என்று கேட்கலாம். ஆனால் கடைசி அடி எனக்கு முழுச் சமாதானம் தரவில்லை. நெஞ்சங்கள் தாமாகக் கலந்தன என்கிறான். தாமாகக் கலந்தவை தாமாகப் பிரிந்தால்? அந்தப் பெண் பயந்தது இதற்காகத்தான் இருக்கும்.’

இதில் ‘முறை’ என்ற ஒரே சொல்தான் பிடி. அந்தச் சொல் முறைப்பெண், முறைமாமன் என்று இன்றும் வீட்டில் புழங்குவதால், பழம்பாட்டுக்கும் வேலூர்க் கல்யாண மண்டபத்துக்கும் இடையில் பாலம் தானே விழுந்துவிட்டது. காதலித்த அனுபவம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாமல் போனது. தோழமை போதுமானதாக இருந்தது. கடைசியில் இந்த வாசிப்பு பாட்டோடு வாதாடுகிறது. பாட்டை மறுத்துப் பேசலாம் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. பாட்டில் உள்ள சொல்லைக் காட்டி மறுத்தால் அது மரியாதைக் குறைவு ஆகாது, கவனமாகப் படித்ததற்கு அடையாளம்.

வழி தவறும் இடங்கள் சில உண்டு. ஒன்று, அறிவுரை. காதல் என்ற சொல்லைக் கண்டதும் ‘மாணவர்கள் படிப்பில் கவனம் செலுத்த வேண்டும்’ என்று முடிக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பெரியவர்கள் படிப்பார்கள் என்ற பயத்தில் எழுதப்படும் வாக்கியம் அது, பாட்டில் அதற்கு வேலை இல்லை. இன்னொன்று, ‘இது சாதியை எதிர்க்கும் பாட்டு’ என்று உறுதியாக எழுதிவிடுவது. பாட்டு கேட்பது உறவுமுறையைப் பற்றி. சாதி என்ற பேச்சு அதில் இல்லை. ஆனால் இன்று சாதியின் பேரால் காதலைப் பிரிக்கும் நாட்டில் இதைப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த மூன்று கேள்விகளும் அப்படித்தான் ஒலிக்கும், ஒலிக்கவும் வேண்டும். ‘இன்று படிக்கும்போது எனக்கு இது சாதியை நோக்கிக் கேட்பதுபோல இருக்கிறது’ என்று எழுதினால், பாட்டுக்கும் பொய் சொல்லவில்லை, தனக்கும் பொய் சொல்லவில்லை. சினிமாப் பாட்டோடு ஒப்பிடுவதிலும் தவறில்லை. ஒப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கிவிடுவதுதான் சிக்கல்.

ஆங்கில வழியில் இந்தப் பாட்டை முதலில் சந்தித்த பிள்ளைகள் இங்கே நிறைய. மொழிபெயர்ப்பில் ‘ஆனால்’, ‘நம் நெஞ்சங்கள்’ போன்ற சொற்கள் நுழைந்துவிடுவது வழக்கம். தமிழில் அவை இல்லை என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது விட்டுப்போனது, எது சேர்ந்தது என்பதே எழுத நல்ல பொருளாகும்.

வீட்டிலோ வார இறுதி வகுப்பிலோ இதை நடத்துபவர்களுக்கு: ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், ஒரு மணி நேரம் போதும். படித்து முடித்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். கடினமாக இருக்கும், இருந்தாலும் இருங்கள். ‘கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?’ என்று தொடங்கினால் எல்லாரும் ஒரே சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்; ‘எந்தச் சொல்லில் நின்றாய்?’ என்று தொடங்குங்கள். ‘உனக்கு யாரையாவது பிடித்திருக்கிறதா?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். எழுதிய பிள்ளையின் அனுமதி இல்லாமல் தாளை மற்றவர் முன் படிக்காதீர்கள், பெற்றோரிடமும் காட்டாதீர்கள். ஒரு முறை அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த வாரத்திலிருந்து ‘கவிஞர் அழகாகக் கூறியுள்ளார்’ மட்டும்தான் வரும். ஒற்றுப்பிழை, ற–ர குழப்பம் எல்லாவற்றையும் தனித்தாளில் குறித்துக் கொடுங்கள். சிவப்பு மை வாசிப்பின் மேல் படக்கூடாது.

இந்தப் பாட்டு பழகியதும் குறுந்தொகையின் 3ஆம் பாட்டுக்குப் போகலாம். நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்று ஒரு பெண் அளந்து சொல்வது அது. அவள் அங்கே பயன்படுத்தும் சொல் ‘நட்பே’. காதலுக்கு ஏன் அந்தச் சொல் என்று கேட்டாலே எழுத்து தொடங்கிவிடும்.

இளமையை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்பினால் புறநானூற்றின் 243ஆம் பாட்டு. தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொற்கள் பேசும் முதியவர், உயர்ந்த மருதக் கிளையிலிருந்து மடுவில் ‘துடும்’ எனப் பாய்ந்து, ஆழத்தைத் தொட்டதற்குச் சாட்சியாக அடியிலிருந்து மணலை அள்ளி வந்த நாளை நினைக்கிறார். அந்தப் பருவத்துக்கு அவர் வைக்கும் பெயர் ‘கல்லா இளமை’. ‘கல்லா’ என்ற சொல்லில் இருப்பது குறையா, பெருமையா, ஏக்கமா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால் எட்டு விடை வரும். ஒவ்வொருவரும் தம் விடைக்கு ஆதாரமாகப் பாட்டிலிருந்து ஒரு சொல்லைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் பிடி மணலைத்தான் காட்டுவார்கள்.